சுமை இருக்கிறது, சுமப்பவர் யார்?

பேராக் மாநிலத் தமிழ் வாசகர் வட்டங்களுக்கும், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,



மணிமேகலை என்றதும் எல்லாருக்கும் நினைவில் வருவது ஒரு பாத்திரம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பள்ளி நாடகத்தில் அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய பாத்திரம். கோயில் அன்னதானத்தில் பேச்சாளர் தவறாமல் எடுக்கும் பாத்திரம். ஆதிரை பிச்சையிட்டாள், காயசண்டிகையின் யானைப்பசி தீர்ந்தது, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனது. அத்தோடு புத்தகத்தை மூடிவைத்துத் தேநீருக்கு எழுந்துவிடுவதுதான் பெரும்பாலான கூட்டங்களின் வழக்கம். முப்பது காதைகளில் கடைசி நான்கைத் தொடுபவர் குறைவு. அது தருக்கம், சமயச் சண்டை, புலவர்களுக்கானது என்று ஒரு பேச்சு.

அந்த நான்கு காதைகளையும் இவ்வாண்டு திறந்து படிக்கும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடல். அவற்றின் அடியில் ஓடுகிற கேள்வி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புதியதல்ல. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் அதைத் தோளில் வைத்து நடந்திருக்கிறார்கள்.

விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு. தலையில் விளக்கு, கையில் உளி. நெரை பிடித்து ரப்பர் மரம் மரமாகப் போய்ப் பட்டையை மெல்லச் சீவிவிட்டால், கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் சொட்டும். வெயில் ஏறியபின் பால் எடுப்பு. மங்கு மங்காக வாளியில் ஊற்றி, கம்பின் இரு முனையிலும் வாளியை மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. அங்கே கிராணி நிறுத்து எழுதுவார். எழுதும்போது அது நீராக ஆடுகிறது. ஆசிட் ஊற்றித் தொட்டியில் விட்டால் கட்டியாகிறது. உருளையில் கொடுத்து நசுக்கினால் ஷீட். புகை போடும் கொட்டகையில் சில நாள் தொங்கினால் தேன் நிறம்.

கிராணி எழுதிய பாலும் கொட்டகையில் தொங்கும் ஷீட்டும் ஒன்றா, வேறா? ஒன்று என்றால், வாளியில் ஆடியது எப்படிக் கொடியில் தொங்குகிறது? வேறு என்றால், அந்த ஷீட்டுக்கும் பால் எடுத்தவரின் கூலிக்கும் என்ன தொடர்பு?

இதே கேள்வியை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாலை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மினாண்டருக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்தது மிலிந்த பஞ்ஹா. அதில் ஒருவன் இடையனிடம் ஒரு குடம் பாலை விலைக்கு வாங்கி, நாளை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அவனிடமே விட்டுப் போகிறான். மறுநாள் வந்து பார்த்தால் தயிர். நான் வாங்கியது பால், தயிரை வாங்கவில்லை என்று வழக்கு. யார் பக்கம் தீர்ப்பு என்று நாகசேனர் கேட்க, இடையன் பக்கம் என்கிறான் அரசன். செத்தவரும் மறுபடி பிறப்பவரும் அப்படித்தான் என்கிறார் பிக்கு. அவரே என்றும் சொல்ல முடியாது, அவரல்லர் என்றும் தப்பிக்க முடியாது.

இந்தச் சிக்கலுக்கு வேர் புத்தரின் ஒரு போதனையில் இருக்கிறது. உடல், நுகர்வு, குறிப்பு, செய்கை, உணர்வு என்ற ஐந்து கந்தங்களின் சேர்க்கைதான் மனிதர். அவற்றுக்குள்ளோ வெளியிலோ மாறாத ஆன்மா ஒன்று இல்லை. சரி. ஆனால் வினையும் வினைப்பயனும் உண்டு என்று அவரே சொல்கிறார். செய்தவர் நிலையாக இல்லை, பயன் மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது என்றால், அது யாரிடம் வந்து சேர்கிறது? புத்தருக்குப் பின் வந்த பௌத்தப் பள்ளிகளின் நூற்றாண்டுக் கணக்கான வாதங்களில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சைச் சுற்றியதுதான்.

பள்ளிகள் பிரிந்த கதை இவ்வளவு ஆழமான இடத்தில் தொடங்கவில்லை. புத்தர் மறைந்து நூறாண்டு அளவில் வைசாலியில் கூடிய சங்கத்தின் முன் பத்துக் குற்றச்சாட்டுகள் வந்ததாக மரபு சொல்கிறது. கொம்புக்குள் உப்பைச் சேமித்துவைத்தல் ஒன்று. உச்சிப் பொழுது தாண்டி நிழல் இரண்டு விரல் சாயும்வரை உண்ணுதல் இன்னொன்று. பொன்னும் வெள்ளியும் வாங்குதல் மற்றொன்று. தலைவர் தேர்தலில் பிளந்த சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பிளவு உப்பில் தொடங்கித்தான் தத்துவத்துக்குப் போகும். மகாசாங்கிகர் ஒரு பக்கம், ஸ்தவிரர் ஒரு பக்கம் என்று பிரிந்தார்கள். பிரிவுக்கு வேறு காரணம் சொல்லும் மரபும் உண்டு. அருகரான ஞானிக்கு ஐயம் வருமா, அறியாமை மிஞ்சுமா என்பதில் சண்டை என்கிறது அது. பின்னர் கிளைகள் பெருகின. மரபுக் கணக்கு பதினெட்டு. பெயர்களை எண்ணினால் அதற்கும் மேலே போகும்.

அசோகன் இதைக் கண்டு கலங்கியிருக்கிறான். சாரநாத், சாஞ்சி, கௌசாம்பி ஆகிய இடங்களில் அவன் பொறித்த ஆணை, சங்கத்தைப் பிளக்கும் பிக்குவுக்கும் பிக்குணிக்கும் வெள்ளையுடை கொடுத்து விகாரைக்கு வெளியே குடியிருத்தச் சொல்கிறது. ஆணையால் பேச்சு நிற்கவில்லை. அசோகன் காலத்தில் பாடலிபுத்திரத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் தொகுத்ததாகத் தேரவாத மரபு போற்றும் கதாவத்து என்ற நூலில் இருநூறுக்கு மேற்பட்ட வாதங்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் முதல் வாதமே 'ஆள்' என்று ஒருவர் மெய்யாக உண்டா என்பதுதான்.

உண்டு என்றவர்கள் புத்கலவாதிகள். வாத்சீபுத்திரீயர், அவர்களிலிருந்து கிளைத்த சம்மிதீயர் ஆகியோர் இந்த அணி. அவர்களுக்குப் பிடித்த சூத்திரம் சுமையைப் பற்றியது. ஐந்து கந்தங்களும் சுமை, ஆள் சுமப்பவர், வேட்கை அதைத் தோளில் ஏற்றுவது, வேட்கை அறுதல் அதை இறக்கிவைப்பது என்று புத்தர் சொன்னதாக அதில் வருகிறது. சுமை வேறு, சுமப்பவர் வேறு என்று புத்தரே பிரித்துக் காட்டியிருக்கிறாரே என்பது அவர்கள் பிடி. அதற்காக ஆன்மாவைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவரவும் இல்லை. ஆள் என்பது நெருப்பைப் போல, கந்தங்கள் விறகைப் போல என்றார்கள். விறகே நெருப்பு அல்ல. விறகை விட்டுத் தனியாக நெருப்பும் இல்லை. இரண்டும் ஒன்றா வேறா என்று சொல்ல வராது. இன்று இப்பெயர்களை அறிந்தவர் குறைவு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய சீன யாத்திரிகர் சுவான்சாங் தந்த எண்ணிக்கைகளைக் கூட்டினால், பழைய நிகாயங்களில், அதாவது பள்ளிகளில், பெருந்தொகையான பிக்குகள் சம்மிதீயர்தான்.

சர்வாஸ்திவாதிகள் வேறு வழியாக வந்தார்கள். ஆள் வேண்டாம், ஆனால் செய்த வினை அழியவில்லை, அது இறந்தகாலத்தில் இருந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றிலும் தருமங்கள் என்ற அடிப்படைக் கூறுகள் உள்ளன. எல்லாம் உள்ளது என்பவர் ஆதலால் அப்பெயர். அப்படியானால் மூன்று காலத்துக்கும் என்ன வேறுபாடு? அப்பள்ளியின் ஆசான் வசுமித்திரர் சொன்ன விளக்கம் ஈப்போ பழைய டவுனில் மளிகை வாங்கியவர்களுக்கு உடனே பிடிபடும். தவுக்கேயின், அதாவது சீனக் கடை முதலாளியின், மணிச்சட்டத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு மணி ஒன்றாம் இடத்தில் கிடந்தால் ஒன்று, நூறாம் இடத்தில் கிடந்தால் நூறு. மணி மாறவில்லை, இருக்கும் இடம் மாறியது. வசுமித்திரரும் எண்ணு காயை வைத்துத்தான் விளக்கினார். இன்னும் தொழிற்படாத தருமம் எதிர்காலம், தொழிற்படுவது நிகழ்காலம், தொழிலை முடித்தது இறந்தகாலம்.

சௌத்திராந்திகர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். இறந்தது இருக்கிறதென்றால் அதை ஏன் இறந்தது என்கிறீர்கள்? நிகழ்கணம் ஒன்றே உண்டு. கணத்துக்குக் கணம் எல்லாம் அழிந்து புதிதாகிறது. ஆனால் ஒவ்வொரு கணமும் அடுத்த கணத்தில் ஒரு வித்தை ஊன்றிவிட்டுப் போகிறது என்பது அவர்கள் கட்சி. வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் இறுதிப் பகுதியில் புத்கலவாதிகளை மறுக்கும்போது இந்த வித்துக்கு ஓர் உவமை சொல்கிறார். மாதுலுங்கம் என்ற நாரத்தை வகை மரத்தின் பூவில் அரக்குச் சாயத்தை ஏற்றினால், பிறகு காய்க்கும் பழத்தின் உள்ளே சிவப்பு தோன்றும். சாயம் பூசிய பூ உதிர்ந்துபோய்விட்டது. ஆனாலும் நிறம் வந்து சேர்ந்தது.

கோலகங்சாரில் இதற்கு இன்னொரு உவமை நின்றுகொண்டிருக்கிறது. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் சிலவற்றை அங்கே நட்டார்கள். அக்காலத்து மரமொன்றுக்கு இன்னும் வேலி போட்டுப் பாதுகாப்பு. அந்தத் தலைமுறை மரங்களின் விதைகள் பரவித்தான் இந்நாட்டுத் தோட்டங்கள் விரிந்தன, அந்தத் தோட்டங்களுக்காகத்தான் கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்து ஆள் ஏற்றின. விதையைப் பிளந்து பார்த்தால் உள்ளே பாலும் இல்லை, தொழிலாளர் லயமும் இல்லை, தமிழ்ப்பள்ளியும் இல்லை.

தேரவாதிகளின் விடை அடக்கமானது. ஒரு மனக்கணம் அடங்க மறு மனக்கணம் எழுகிறது. தூக்கத்திலும் அறுபடாமல் ஓடுகிற பவாங்கம் என்ற அடியோட்டம் ஒன்று உண்டு. சாவில் முடியும் கடைசிக் கணத்தைத் தொட்டுக்கொண்டு பிறப்பின் முதற்கணம் எழுகிறது. எதுவும் தாண்டிப் போவதில்லை, தொடர்ச்சி மட்டுமே. இந்த நுணுக்கத்தைப் பாலியில் வகுத்து எழுதியவர்களில் ஒருவர் உறையூர்க்காரர். புத்ததத்தர் என்று பெயர். அபிதம்மாவதாரம் அவர் எழுதியது. காவிரிக்கரை விகாரையில் இருந்து, களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் தாம் எழுதியதாக வேறொரு நூலின் முடிவில் குறித்திருக்கிறார். உரையாசிரியர் புத்தகோசரும் காஞ்சியில் தங்கியதைத் தம் நூலில் சொல்கிறார். களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று பாடநூலில் படித்துத் தேர்வெழுதியவர்கள், அந்த இருட்டில் உறையூர்க்காரர் ஒருவர் எத்தகைய விளக்கை ஏற்றிவைத்து எழுதினார் என்பதைக் கூட்டத்தில் ஒருமுறை பேசலாம்.

விளக்கு என்றதும் காஞ்சிக்குப் போக வேண்டும்.

காஞ்சிக்கு அருகே சிம்மவக்திரம் என்ற ஊரில் பிறந்தவர் திக்நாகர். திபெத்திய வரலாற்று நூல்கள் அவரைப் பற்றி ஒரு கதை சொல்கின்றன. இளமையில் அவர் துறவு பூண்டது வாத்சீபுத்திரீயப் பள்ளியில், அதாவது ஆள் உண்டு என்பவர்களிடம். ஆசிரியர் நாகதத்தர் அவரிடம், சொல்லில் அடங்காத அந்த ஆளைத் தேடிப் பார் என்று பயிற்சி கொடுத்தார். திக்நாகர் தேடினார். பகலில் அறையின் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார். இரவில் நான்கு பக்கமும் விளக்கேற்றினார். உடைகளைக் களைந்துவிட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை உள்ளும் புறமும் பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்ட ஆசிரியரிடம், தாங்கள் சொன்ன ஆளைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. ஏதேனும் மறைத்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கிறேன் என்றார். ஆசிரியருக்குக் கோபம். மாணவர் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

கதை எவ்வளவு மெய் என்று இன்று அளக்க முடியாது. ஆனால் கதையில் இருக்கும் குணம் திக்நாகரின் நூல்களில் அப்படியே இருக்கிறது: சாளரத்தைத் திற, விளக்கை ஏற்று, பிறகு சொல். அறிவுக்கு வழி இரண்டுதான், ஒன்று நேர்க்காட்சி, இன்னொன்று அனுமானம் என்றார் அவர். ஆகமம் சொன்னது, பெரியவர் சொன்னார் என்பதைத் தனி அளவையாக ஏற்கவில்லை. இந்தியத் தருக்கமே அவருக்குப் பிறகு வேறு வழியில் நடந்தது.

அந்தத் தருக்கத்தைத் தமிழ்ச் செய்யுளாக மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் வைத்திருக்கிறார் நூலாசிரியர் சாத்தனார். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிப்பது இதைத்தான். அளவை இரண்டு. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகள். ஒவ்வொன்றிலும் வரக்கூடிய போலிகள் இன்னின்னவை என்று நீண்ட பட்டியல். அவற்றில் ஒன்றைப் புரிந்துகொள்ளக் குனோங் ராப்பாட் பக்கம் விடிகாலையில் நின்றால் போதும். சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும். புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே, அதோ புகை, ஆகவே அங்கே நெருப்பு என்று முடிவு கட்டுவது ஒரு போலி. சாத்தனார் காட்டும் எடுத்துக்காட்டும் ஆவியும் பனியும்தான். கைப்பேசியில் காலையில் வந்து விழும் செய்திகளை இந்த ஒரே சல்லடையில் போட்டுப் பார்த்தால் எத்தனை தேறும் என்பதைச் சங்கத்து இளைஞர்களே கணக்கெடுக்கட்டும்.

அதற்கு முந்திய இருபத்தேழாம் காதை ஒரு பட்டிமன்றம்போல. வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி தொடங்கி ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர் என வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில் பூதவாதி. கண்ணால் கண்டதே மெய், மற்றதெல்லாம் பொய் என்கிறான் அவன். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையர் இவர்தாம் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். மாற்றுக்கட்சியை முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு பேசும் பெண் அவள். தமிழ்ப் பாத்திரங்களில் இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு, பாத்திரம் ஏந்தியவள் என்று மட்டும் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது கஞ்சத்தனம்.

முப்பதாம் காதையில்தான் பாலும் ஷீட்டும் எழுப்பிய கேள்விக்கு வழி வருகிறது. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்ற பன்னிரு சார்புகள். பாலியிலும் வடமொழியிலும் மூச்சு வாங்கும் கலைச்சொற்களுக்குச் சாத்தனார் வைத்த தமிழ் எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவற்றைப் பார்க்க நான்கு நயங்கள் உண்டு என்கிறார். காரணமும் காரியமும் ஒரே தொடராகத் தெரிவது ஒற்றுமை நயம். தனித்தனியாகத் தெரிவது வேற்றுமை நயம். காரணம் இதைச் செய்வேன் என்று எண்ணிச் செய்வதில்லை என அறிவது புரிவின்மை நயம். நெல்லிலிருந்து நெல்லே முளைப்பது இயல்பு நயம். ஸ்டோரில் எழுந்த கேள்விக்கு இந்த நான்கையும் வைத்துப் பார்க்கலாம். ஒற்றுமை நயத்தால் பால்தான் ஷீட். வேற்றுமை நயத்தால் பால் வேறு, ஷீட் வேறு. நான் ஷீட் ஆகப்போகிறேன் என்று பால் நினைப்பதில்லை. ரப்பர் விதையில் டுரியான் காய்ப்பதும் இல்லை. எந்த நயத்தில் நின்று பேசுகிறோம் என்று சொல்லாமல் சண்டையிடுவதால்தான் வழக்கு தீரவில்லை.

கேள்விக்கு விடை சொல்லும் வகையும் நான்கு என்று அதே காதை சொல்கிறது. தோன்றியது அழியுமா என்றால் அழியும் என்று துணிந்து சொல்வது ஒன்று. செத்தவர் மீண்டும் பிறப்பாரா என்றால், பற்று உள்ளவரா அற்றவரா என்று கூறிட்டுச் சொல்வது இன்னொன்று. முட்டை முந்தியதா பனை முந்தியதா என்றால், எந்த முட்டை, எந்தப் பனை என்று வினாவாலேயே திருப்புவது மூன்றாவது. ஆகாயப் பூ பழையதா புதியதா என்பவனிடம் வாய் திறக்காமல் இருப்பது நான்காவது. அதற்கு வாய்வாளாமை என்று பெயர். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள்; செம்பனையை வெட்டித் தாமான் என்ற குடியிருப்பு கட்டினார்கள். லயம் இருந்த இடத்தைக் காட்டி, இதுதானே எங்கள் தோட்டம் என்று பேரப்பிள்ளை கேட்டால், எந்தத் தோட்டம் என்று திருப்பிக் கேட்பதா, கூறிட்டுச் சொல்வதா, வாய்வாளாமையா என்பதைச் சாத்தனாரைப் படித்த பாட்டன்மார் தீர்மானிக்கலாம்.

சாத்தனார் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்? தேரவாதம் என்பாரும், சௌத்திராந்திகச் சாயல் என்பாரும், திக்நாகர் வழி மகாயானம் என்பாரும் உண்டு. அறிஞர்கள் இன்னும் ஒத்துவரவில்லை. வாசகர் வட்டத்துக்கு அதுவே நல்ல வாய்ப்பு.

இனி இவ்வூர் மண். கிந்தாப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் ஈயம் தோண்டியபோது கிடைத்தது ஈயம் மட்டும் அல்ல. பெங்காலான், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட், பீடோர் எனப் பல இடங்களில் வெண்கலப் படிமங்கள் மேலே வந்தன. 1936ல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் கிடைத்த எட்டுக் கை அவலோகிதேசுவரர் 79 சென்டிமீட்டர் உயரம். இடுப்பில் புலித்தோல். இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறார். ஈப்போ பேராக் தோங் குகைக் கோயில் எழுந்தது 1926ல். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கிந்தா ஆற்றுச் சேற்றில் புத்தர் இருந்திருக்கிறார்.

அவரை வணங்கியவர்கள் எந்தப் பள்ளி? படிமத்தில் அதை யாரும் பொறித்து வைக்கவில்லை. ஆனால் கடல்வழியே போனவர் ஒருவரின் குறிப்பு இருக்கிறது. 671ல் குவாங்சோவிலிருந்து கப்பலேறிய சீனப் பிக்கு இசிங், சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் வடமொழி இலக்கணம் படித்து, மலாயு, கெடா வழியாக இந்தியா சென்றார். தென்கடல் தீவுகளில் மூலசர்வாஸ்திவாதமே பெரிதும் வழங்குகிறது, சம்மிதீயமும் சிறிது உண்டு என்று எழுதிவைத்தார். மகாயானம் படிப்பவர்களும் பழைய நிகாயங்களின் ஒழுக்கவிதியையே பின்பற்றியதைக் காட்டுகிறார். ஆகையால் எட்டுக் கை போதிசத்துவரை வணங்கிய பிக்கு, துறவு பூண்டது சர்வாஸ்திவாதத்தில் என்பதில் முரண் ஏதும் இல்லை. நிகாயங்களின் வேறுபாட்டை இசிங் எங்கே பார்க்கிறார் என்பது சுவையானது. கீழுடையின் கரையை நேராக வெட்டுகிறார்களா, கோணலாகவா? உணவைக் கையிலேயே வாங்குகிறார்களா, தரையில் இடம் குறித்து வைக்கச் சொல்கிறார்களா? மணிச்சட்டத்துத் தத்துவம் ஊருக்குள் வேட்டியின் கரையாகத்தான் தெரிந்திருக்கிறது. இசிங் எழுதிய இன்னொரு வரலாற்றில் வூசிங் என்ற பிக்கு கெடாவில் கப்பலேறி முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்கிறார். பிற்காலத்தில் சஞ்சிக் கூலிகளைக் கொண்டுவந்த அதே தடம், எதிர்த்திசையில்.

பேராக்கின் வட எல்லையைத் தாண்டினால் இன்னும் அழுத்தமான சான்று. 1834ல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது. வங்காளத்து ரக்தமிருத்திகையைச் சேர்ந்த மாலுமி புத்தகுப்தன் தன் பயணம் சிறக்க வேண்டி வெட்டியது. நடுவில் தூபி உருவம். அருகில் ஒரு சுலோகம்; அதன் பொருள் இவ்வளவுதான்: அறியாமையால் வினை சேர்கிறது, வினையே பிறப்புக்குக் காரணம், அறிவு வந்தால் வினை சேராது, வினை இல்லையேல் பிறப்பில்லை. சாத்தனாரின் வரிசையில் முதல் இரண்டு சொற்களும் இவையே, பேதைமையும் செய்கையும். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொன்னதைக் கடலுக்கு இந்தப்பக்கம் ஒரு கப்பல்காரன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. மேடைகளில் ராஜேந்திர சோழனைக் கடாரம் கொண்டான் என்று முழங்குவது எளிது. இந்தப் படிமங்களை வைத்துப் பேராக் தமிழர் மண் என்று யாராவது பேசினால், சாத்தனாரே அதைப் போலி என்று தள்ளுவார். ஏதுவுக்கும் பக்கத்துக்கும் பொருத்தமில்லை. பீடோர்ப் படிமத்தின் கலை உறவு சுமத்ரா, ஜாவா, தென் தாய்லாந்துப் பக்கம் நீள்கிறது. புத்தகுப்தன் வங்காளத்தான். 1006ல் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்குச் சோழன் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை விட்டுக்கொடுத்தான். அந்த விகாரத்தைக் கட்டியது ஸ்ரீவிஜய அரசன். 1025ல் ராஜராஜன் மகன் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். போக்கும் வரத்தும், கொடையும் கொள்ளையும் கலந்த கடல் அது.

நூலுக்குத் திரும்பினால் இன்னொரு தேதி. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898. பௌத்தச் செய்திகள் விளங்காமல் திணறி, கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். அதே 1898ல் அயோத்திதாசர் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் டர்பனிலும், தமிழ்த் தொழிலாளர் போன இடமெல்லாம் எழுந்தன. 1907ல் அவர் தொடங்கிய வார ஏட்டின் விலை ஒரு பைசா. பெயரும் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒருவருக்குப் பௌத்தம் ஏட்டுச்சுவடியின் சிக்கல். மற்றவருக்குச் சாதியின் சுமையை இறக்கும் வழி. இரண்டும் ஒரே நூலில் வந்து முட்டின.

ஆகவே வேண்டுகோள் இதுதான். மாதம் ஒரு காதை வீதம் நான்கு கூட்டங்கள். வஞ்சிப் பட்டிமன்றத்துக்குப் பத்து வாதிகளையும் பத்து இளைஞர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம், மணிமேகலையாகப் பேச ஒரு பெண்ணை நிறுத்தலாம். தருக்கக் காதைக்கு விடிகாலையில் குன்றுகள் தெரியும் இடமாகப் பார்த்துக் கூடலாம். கடைசிக் காதைக்கு முன் கோலாலம்பூர் போகும் பேருந்து ஒன்றைப் பிடித்து, பீடோர்க்காரரைப் பார்த்துவிட்டு வரலாம். உரைநூலாகப் பொழிப்புடன் கூடிய பதிப்பு ஏதானாலும் போதும்.

முதல் கூட்டத்துக்குச் சொற்பொழிவாளர் வேண்டாம். சுங்கை சிப்புட்டிலோ செம்மோரிலோ புந்தோங்கிலோ மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் இருப்பார். அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: பாட்டி, கிராணி நிறுத்து எழுதின பாலும் கொட்டகையில தொங்கின ஷீட்டும் ஒண்ணா, வேறயா? அவர் சொல்லும் விடை எந்த நிகாயத்தது என்பதை அவர் வீட்டுக்குப் போனபிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மணிமேகலையின் கடைசிப் பக்கங்களில் தங்கிவிட்ட ஒரு வாசகர்,
ஈப்போ